பத்து நிமிட மறையுரையும் ஒன்றரை மணி நேரச் செய்தியும்

சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். மாமியார் இன்னும் கத்தோலிக்கர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகள் பாட்டியோடு தமிழ்ப் பூசைக்குப் போகிறார்கள். பூசையில் மறையுரை பத்து நிமிடம், கணவரின் சபையில் செய்தி ஒன்றரை மணி நேரம், அம்மா வீட்டுச் சபையில் பிரசங்கம் அரை மணி நேரம். "ஒரே பைபிள்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்? எது சரியான பிரசங்கம்? பெரியவன், 'அங்க சத்தம் போடுறாங்க, இங்க தூக்கம் வருது' என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?" இதுதான் கேள்வி.

என் சார்பையும் சொல்லிவிட வேண்டும். நான் இதே ஊர்க்காரன், தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மெதடிஸ்ட் சபையில் குருப்பட்டம் இல்லாத பிரசங்கியாராகப் பல வருடம் மேடை ஏறியிருக்கிறேன். அந்தப் பக்கத்துச் சாய்வு என் பேச்சில் இருக்கும். கழித்துவிட்டுப் படியுங்கள்.

இந்த வித்தியாசத்தைப் பலரும் ஆளுடைய சுபாவமாகப் பார்க்கிறார்கள். இந்த ஃபாதர் சாந்தமானவர், அந்த பாஸ்டர் ஆவேசமானவர் என்று பேசுகிறார்கள். சுபாவத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் சின்னப் பங்குதான். அதே ஃபாதர் தியானக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவார். அதே பாஸ்டர் துக்க வீட்டில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். பாணியை நிர்ணயிப்பவை இரண்டு விஷயங்கள் என்பது என் கணிப்பு. அன்றைக்குப் பேச வேண்டிய வேதப்பகுதியை யார் தேர்ந்தெடுத்தார்? பிரசங்கம் முடிந்த அடுத்த நிமிடம் ஆராதனையில் என்ன நடக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்துவிட்டால் நீளம், சத்தம், கண்ணீர் எல்லாவற்றுக்கும் முக்கால்வாசிக் காரணம் தெரிந்துவிடும்.

மாமியாரின் பூசையிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே பகுதியைத் தேர்ந்தெடுப்பது பங்கு சாமியார் இல்லை. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969இல் புதிய வாசக ஒழுங்கு ஒன்று நடைமுறைக்கு வந்தது. ஞாயிறு பூசையில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி. இது மூன்று வருடச் சுற்று. ஒரு வருடம் மத்தேயு, அடுத்த வருடம் மாற்கு, அதற்கடுத்து லூக்கா, யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும். ஈப்போவில் வாசிப்பதைத்தான் அன்று உரோமையிலும் வாசிக்கிறார்கள். மறையுரை முடிந்ததும் விசுவாச அறிக்கை, மன்றாட்டு, அப்புறம் நற்கருணை. மக்கள் வந்திருப்பது அந்த நற்கருணைக்காக. வாசகத்திலிருந்து பீடத்துக்கு அவர்களை அழைத்துப் போவதுதான் மறையுரையின் வேலை, அதனால் அது நீள முடியாது. போப் பிரான்சிஸ் 2018இல் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். 2024 ஜூனில் அதையும் எட்டு நிமிடமாகக் குறைத்தார். அதற்கு மேல் போனால் கவனம் போய்விடும், மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று அவரே காரணம் சொன்னார். ஆக, உங்கள் பெரியவன் சொல்லும் குறை வத்திக்கான் வரை தெரிந்த குறைதான்.

எங்கள் மாதிரி ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சாமியார் தமிழ், ஆங்கிலம், மலாய் என்று மூன்று மொழியிலும் பூசை வைக்க வேண்டியிருக்கும். தமிழ் அவருக்குத் தாய்மொழியாக இல்லாமலும் இருக்கலாம். எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். அதைப் பாணி என்று சொல்வது நியாயம் இல்லை, அது ஆள் பற்றாக்குறை. முன்பு தோட்டங்களில் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் குருப்பட்டம் இல்லாத உபதேசியார் ஜெபமாலை சொல்லி, வாசகம் வாசித்து, நாலு வார்த்தை பேசி அனுப்புவார். அந்த நாலு வார்த்தையில் இருந்த சூடு பல நேரம் பெரிய பூசையில் இருக்காது. ஆனால் திருச்சபைச் சட்டத்தின் 767ஆம் விதி, பூசையில் மறையுரை ஆற்றுவதைக் குருவுக்கும் தியாக்கோனுக்கும் (திருத்தொண்டருக்கும்) மட்டுமே ஒதுக்குகிறது. வாக்கு வன்மை உள்ள உபதேசியார் பூசையில் வாய் திறக்க முடியாது. வெளியாள் நான், இருந்தாலும் இதை நஷ்டமாகத்தான் பார்க்கிறேன்.

லுத்தரன் சபையிலும் வாசக அட்டவணை உண்டு, ஆனால் எடை பிரசங்கப் பக்கம் சாய்ந்திருக்கும். 1706இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து வரும் தமிழ் மரபு இது. மலாயாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ் லுத்தரன்கள் அதைக் கூடவே கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் சீயோன் ஆலயம் 1924இல் கட்டியது. போதகர் கிருபையும் சமாதானமும் கூறித் தொடங்குவார், "எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்" என்று முடிப்பார். நடுவில் இருப்பதற்கு ஒரு இலக்கணம் உண்டு. முதலில் நியாயப்பிரமாணம், அதாவது நீ எங்கே தவறினாய் என்பது. பிறகு சுவிசேஷம், அதாவது உனக்காக என்ன செய்து முடிக்கப்பட்டிருக்கிறது என்பது. நல்ல லுத்தரன் பிரசங்கத்தில் "ஆகவே நாம் இதைச் செய்வோமாக" என்ற புத்திமதி குறைவாகத்தான் இருக்கும். கேட்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, விடுதலைத் தீர்ப்பை வாசிப்பதோடு முடிந்துவிடும். சுமாரான லுத்தரன் பிரசங்கம் எதைப் படித்தாலும் அதே இரண்டு அறைக்குள்தான் சுற்றும்.

இப்போது என் பக்கம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739 ஏப்ரல் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக்கு வெளியே, திறந்த வெளியில் நின்று பேசினார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கம் செய்வதே பாவம் என்று அதுவரை அவர் கிட்டத்தட்ட நினைத்திருந்தார். எதிரே நின்றவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் ஏழைகளும். அந்தக் கூட்டம்தான் மெதடிஸ்ட் பாணியை உருவாக்கியது. தன் பிரசங்கங்களை அச்சில் கொண்டுவந்தபோது, சாதாரண ஜனங்களுக்குச் சாதாரண உண்மை என்பதே தன் நோக்கம் என்று முன்னுரையில் எழுதினார். இத்தனைக்கும் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம் கற்பித்தவர்.

அவர் செய்த இன்னொன்று எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தது. பட்டம் பெற்ற குருமார் போதாதபோது, சாமானியரைப் பிரசங்கிக்க அனுமதித்தார். 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிய மெதடிஸ்ட் மிஷன் தீபகற்பத்துக்குள் பரவி, ரப்பர் தோட்டங்கள் வரை வந்தபோது, ஒரு போதகர் நாலைந்து இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வராத ஞாயிறு யார் பேசுவது? தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் பேசுவார், கிராணி (எழுத்தர்) பேசுவார், தமிழ்ப்பள்ளி வாத்தியார் பேசுவார். திங்கட்கிழமை காலை பெரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) முகம் பார்க்க வேண்டியவர்கள் முன்னால்தான் ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும். மூன்று குறிப்பு, ஒரு சம்பவம், ஒரு கீர்த்தனை என்ற அமைப்பு இந்த மாதிரி ஆட்களுக்கு வசதியாக இருந்தது. வேதாகமக் கல்லூரிக்குப் போகாதவனும் மூன்று குறிப்பை நினைவில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்கலாம். பிரசங்கம் முடிந்ததும் காணிக்கை, பாட்டு, ஆசீர்வாதம், வீடு. திருவிருந்து எல்லா ஞாயிறும் கிடையாது. எனவே அன்றைய ஆராதனையில் மக்கள் எடுத்துக்கொண்டு போவதற்கு இருப்பது பிரசங்கம் ஒன்றுதான். அதனாலேயே எங்கள் ஆட்கள் வாசலில் நின்று "இன்னிக்கிப் பிரசங்கம் எப்படி?" என்று பேசுகிறார்கள். பூசை முடிந்து வருபவர்கள் அப்படிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

இதன் பலவீனம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பகுதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பேசுபவரிடம் வந்துவிட்டால், அவருக்குப் பிடித்த பத்துப் பதினைந்து பகுதிகளையே அவர் சுற்றிச் சுற்றி வருவார். கெட்ட குமாரன், நல்ல சமாரியன், சகேயு, சங்கீதம் 23. அநியாயத்தைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியை வாய் திறக்கவே விடமாட்டார். மூன்று குறிப்பும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக, வசனத்தில் இல்லாத ஒன்றை உள்ளே திணிக்கும் வியாதியும் உண்டு.

சகோதர (பிரதரன்) சபைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒப்பிட உதவும். அங்கே பட்டம் பெற்ற குரு என்றே ஒருவர் இல்லை. அப்பம் பிட்குதல் முதலில் நடந்துவிடும். அது முடிந்தபின் ஒரு சகோதரர் எழுந்து, ஒரு நிருபத்தையோ ஆசரிப்புக் கூடாரத்தையோ எடுத்து, வசனத்துக்கு வசனம் நிதானமாகப் போவார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உணர்ச்சியைத் தூண்ட வேண்டிய அவசியமே இல்லை. முக்கியமானது முடிந்துவிட்டது, இப்போது உட்கார்ந்து படிக்கலாம் என்ற நிதானம். வேதத்தைக் கோர்வையாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புதிதாக வந்தவர் திணறிப்போவார், அதுவும் உண்மை.

சரி, கணவரின் சபை. இங்கேதான் இரண்டாவது கேள்வி முழுசாக வேலை செய்கிறது. பெந்தெகொஸ்தே ஆராதனையில் பிரசங்கத்துக்கு அடுத்து நடப்பது ஜெப அழைப்பு. முன்னால் வாருங்கள், கை வைத்து ஜெபிக்கிறேன் என்பார் பாஸ்டர். வியாதிக்காரர், வேலை போனவர், குடியை விட முடியாதவர், பிள்ளை இல்லாத தம்பதி என்று வரிசை நிற்கும். தன் இடத்தைவிட்டு எழுந்து எல்லார் முன்னாலும் நடந்து வருவது சாதாரண விஷயம் இல்லை. ஒரு மனிதரை அந்த முடிவுக்குக் கொண்டுவர எட்டு நிமிடம் போதாது. அதனால் செய்தி மெதுவாக ஏறும், ஒரே வாக்கியம் மூன்று தரம் திரும்பி வரும், குரல் உயரும், கீபோர்டு மெல்லப் பின்னால் சேரும். 1906இல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா வீதியில் எழுந்த எழுப்புதலில் தொடங்கி உலகம் முழுக்கப் போன பாணி இது. முன்னால் வரச் சொல்லி அழைக்கும் வழக்கம் அதற்கும் முந்தியது. 1830களிலேயே அமெரிக்காவில் எழுப்புதல் பிரசங்கியார் சார்ல்ஸ் ஃபின்னி அதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்.

சத்தத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே பேசுபவர் ஒருவர் மட்டும் இல்லை. "ஆமென் சொல்லுங்க பார்ப்போம்" என்றால் சபை சொல்கிறது. "பக்கத்துல இருக்கிறவங்களப் பாத்துச் சொல்லுங்க" என்றால் திரும்பிச் சொல்கிறது. (இது அளவுக்கு மீறிப் போகும்போது எனக்கு எரிச்சல்தான். பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் "உங்க கடன் தீரும்" என்று சொல்ல நான் யார்?) ஆனால் வாரம் முழுக்க மற்றவர்கள் சொன்னதைக் கேட்டு மட்டுமே வாழ்கிற ஒரு பெண்ணுக்கு, வாய்விட்டுச் சொல்ல ஒரு இடம் கிடைக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகளை) விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குச் சிதறிய குடும்பங்களுக்கு, கடைவீட்டு மாடியில் நடக்கும் அந்தச் சபை பழைய தோட்டத்துச் சொந்தபந்தத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வராவிட்டால் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். பிரசங்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து எடை போட்டால் இது கண்ணுக்குத் தெரியாது.

யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதிலும் வித்தியாசம் உண்டு. 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. தோட்டப்புற ஊரில் ஒரு சுகமளிக்கும் கூட்டம் போட்டால், உட்கார்ந்திருப்பவர்களில் நிறையப் பேர் பைபிளைத் தொட்டே பார்க்காத இந்துச் சொந்தக்காரர்கள். (நோட்டீஸில் "முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருக்கும். அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற மாநிலங்களுக்கு இடம் தருவதால் வந்த வழக்கம்.) அவர்களுக்கு ஆபிரகாம் யார் என்று தெரியாது. எனவே பாஸ்டர் கதையாகத்தான் சொல்ல வேண்டும், சாட்சிகளாகத்தான் அடுக்க வேண்டும். மறையுரையோ ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களை மனதில் வைத்து எழுதுவது.

பெந்தெகொஸ்தே என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் கூடாது. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் வழியில் வந்தவர்கள் வெள்ளை உடுத்துவார்கள், நகை போடமாட்டார்கள், ஊழியர்கள் கல்யாணம் செய்வதில்லை. அவர்கள் செய்தியில் பரிசுத்தமும் இரண்டாம் வருகையும்தான் நிறைந்திருக்கும். பணமும் வீடும் வாகனமும் வாக்களிக்கும் ஆசீர்வாதப் பிரசங்கத்தை அவர்களோடு சேர்த்துப் பேசுவது அநியாயம்.

இதையெல்லாம் ஒரே பகுதியில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மத்தேயு 20, திராட்சத் தோட்டத்து வேலையாட்கள். தோட்டக்காரர் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது. விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி வேளையிலும் போய் எடுக்கிறார். சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே கூலி. காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முணுமுணுக்கிறான்.

கத்தோலிக்க ஒழுங்கில் இது மத்தேயு ஆண்டில், பொதுக்காலத்தின் 25ஆம் ஞாயிறு வரும். அதோடு முதல் வாசகமாக ஏசாயா 55ஐ வைத்திருக்கிறார்கள்: என் நினைவுகள் உங்கள் நினைவுகள் அல்ல. பகுதியைப் பூட்டு என்றால் சாவியையும் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறார்கள். சாமியார் இரண்டையும் சேர்த்து வைத்தாலே எட்டு நிமிடத்தில் மறையுரை வந்துவிடும். நம் நியாயத்தால் கடவுளின் தாராளத்தை அளக்க முடியாது என்று. பழைய லுத்தரன் ஒழுங்கில் இதே பகுதி, தபசு காலத்துக்குச் சற்று முன்னால், செப்டுவஜெசிமா ஞாயிறுக்கு உரியது. உபவாசமும் நற்கிரியைகளும் பெருகப்போகும் நேரத்துக்கு முன்பே, கூலி அல்ல, கிருபை என்று சொல்லிவிட வேண்டும். முணுமுணுத்தவன் நீதான் என்று முதல் பாதியில் சொல்லிவிடுவார் லுத்தரன் போதகர்.

சகோதர சபையில் விளக்குபவர் இருபதாம் அதிகாரத்தில் தொடங்கவே மாட்டார். பத்தொன்பதாம் அதிகாரத்துக்குப் போவார். நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறான். அதற்குப் பதிலின் ஒரு பகுதிதான் இந்த உவமை. முந்தினோர் பிந்தினோராவார்கள் என்ற வசனம் முன்னும் பின்னும் நிற்கிறது. இதைக் காட்டாமல் இந்த உவமையைப் பேசக் கூடாது என்றே சொல்வேன். மற்ற பாணிகளில் அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான்.

பெந்தெகொஸ்தே மேடையில் பதினோராம் மணி பெரிதாகிவிடும். இது கடைசி நேரம், ஆண்டவர் இன்னும் ஆள் எடுக்கிறார், நீ இன்னும் சந்தையில் நிற்கிறாயா? அல்லது, பதினோராம் மணியிலும் உனக்கு அற்புதம் உண்டு. இரண்டாவது விளக்கம் வசனத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது. முதலாவது அப்படியொன்றும் புதிதில்லை. அந்த மணி நேரங்களை மனித வயதின் பருவங்களாக, சிறுவயதில் வந்தவர், கிழவயதில் வந்தவர் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன் விளக்கியிருக்கிறார். ஆவேசம் புதிது, அர்த்தம் பழசு.

என்னைக் கேட்டால், பதினோராம் மணிக்காரர்கள் சொல்லும் பதிலில் நிற்பேன். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்றால், எங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்ற கணக்கில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதிலை விளக்க வேண்டியதில்லை. எஜமான் கொடுத்தது ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடத் தேவையான கூலி. காலையில் வந்தவனுக்கு அதில் எதுவும் குறையவில்லை. இப்படிப் பேசினால் சபையில் பழைய வெட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள், முன்பு மண்டோராக (கங்காணியாக) இருந்தவர் கொஞ்சம் நெளிவார். தோட்டத்துச் சாமானியப் பிரசங்கியாரின் பலம் இது. அவருக்குக் கிரேக்கம் தெரியாது, ஆனால் கூலி தெரியும்.

எந்தப் பாணியாக இருந்தாலும் நான் ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்று உண்டு. வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்கி எடுத்துப் பேசுவது. வருடப்பிறப்பு இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் வீடு கிடைக்கும், பதவி உயரும் என்று அதிலிருந்து ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். அதற்கு ஒரு வசனம் முன்னால் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று மேடையில் முழங்குகிறான், எரேமியா அதை மறுக்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். கப்பலேறி வந்த தாத்தாவின் பேரப்பிள்ளைகளுக்கு, தோட்டத்தை விட்டு வெளியேற வேண்டி வந்தவர்களுக்கு, இதில் எவ்வளவு இருக்கிறது! அத்தனையையும் விட்டுவிட்டு அட்டையில் அரை வசனத்தை அச்சடித்துக் கொடுத்தால், கேட்பவர்களுக்கு அனனியாவின் செய்தி எரேமியாவின் பெயரில் போய்ச் சேருகிறது. இது பெந்தெகொஸ்தே சபைகளில் மட்டும் நடப்பதில்லை, எங்கள் சபையிலும் அட்டை கொடுக்கிறோம்.

வெளியூர்ப் பேச்சாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைத் தொலைக்காட்சி மேடையின் நடையை அப்படியே இங்கே இறக்குபவர்கள் எனக்கு உவப்பாக இல்லை. அந்த உதாரணங்களில் மின்வெட்டும் மாநகரப் பேருந்தும் வரும், எங்கள் பிள்ளைகள் முழிப்பார்கள். ஆங்கிலத்தில் பேசி, பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்லும் கூட்டங்கள் வேறு ரகம். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆனால் கேட்பவருக்கு யோசிக்க இடைவெளி கிடைக்கும். சில நேரம் மொழிபெயர்ப்பவர் அசல் பேச்சாளரைவிட நன்றாகப் பேசிவிடுவார்.

தமிழ்ச் சபைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. பேச்சின் நடுவில் பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பைபிள் கதைகளைக் கீர்த்தனைகளாகப் பாடிக் காலட்சேபம் செய்த மரபின் வாசனை அது. பேசிக்கொண்டே வந்த பெரியவர் சட்டென்று ஒரு சரணம் பாடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மெதடிஸ்டோ லுத்தரனோ கத்தோலிக்க உபதேசியாரோ, பழைய ஆட்கள் எல்லாருக்கும் இது கைவந்தது. இப்போது கீபோர்டு வாசிப்பவர் பார்த்துக்கொள்கிறார்.

பெரியவனுக்கு என்ன சொல்வது? "தூக்கம் வருது" என்பதில் பாதி, மொழிப் பிரச்சினை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவன் உலகம் மலாயும் ஆங்கிலமும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழை வாசிக்கக் கேட்டதும் காதை மூடிக்கொள்கிறான். பூசைக்கு முந்தின சனிக்கிழமை இரவு அன்றைய நற்செய்தியை வீட்டில் வாசித்துக் கதையாகச் சொல்லிவிடுங்கள். வாசகங்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால் இது முடியும். கணவரின் சபையில் முன்னால் தெரியாது, அதனால் வீட்டுக்கு வந்தபின் அந்த அதிகாரம் முழுவதையும் அவனோடு வாசியுங்கள், பாஸ்டர் சொன்ன வசனத்துக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும். சத்தத்தைப் பற்றிக் கேட்டால், அங்கே ஜெபத்துக்கு ஆட்களைக் கூப்பிடப் போகிறார்கள், அதனால் அப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புரியும்.

மத்தேயு 20இன் இந்த உவமை கத்தோலிக்க ஆலயங்களில் 2026 செப்டம்பர் 20ஆம் தேதி ஞாயிறு வாசிக்கப்படுகிறது. திருத்திய பொது வாசக அட்டவணையைப் பின்பற்றும் புராட்டஸ்டண்ட் சபைகளிலும் அதே நாளுக்கு அதே பகுதிதான். அம்மா வீட்டுச் சபையில் அட்டவணைப்படி போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கணவரின் பாஸ்டரிடம் அந்த வாரத்தை ஒட்டி இதையே பேசச் சொல்லி இப்போதே கேட்டுவைக்கலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார். பாட்டியோடு போகும் ஞாயிறு அன்றாகவே இருக்கட்டும். தமிழ்ப் பூசை எல்லா வாரமும் இல்லாத பங்குகள் உண்டு, நேரத்தை மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.